அறிவுசார் குறைபாட்டு ஆய்வு மையங்களில் ‘கோர்’ என்பது என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், மரபணுக் கோளாறால் வரும் ஃப்ரஜைல் எக்ஸ், ரெட் சிண்ட்ரோம் போன்றவற்றை ஆராய்வதற்கென்றே அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலும் குழந்தைகள் மருத்துவமனைகளிலும் ஒரு டஜனுக்கு மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் பெயரைத் தாங்கிய இந்த மையங்களைச் சுருக்கமாக ஐ.டி.டி.ஆர்.சி. என்பார்கள். அங்கே ஆய்வு மாணவராகவோ, பிஎச்.டி. முடித்த போஸ்ட்டாக்காகவோ சேரப்போகிறவர்களும், குழந்தையை ஓர் ஆய்வில் சேர்க்கலாமா என்று யோசிக்கும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள் இங்கே இருக்கின்றன. இரண்டு தரப்புக்குமான பதில்கள் கலந்தே வரும். ஒருவர் மற்றவருடைய பதிலையும் படிப்பது நல்லதுதான்.

இது ஆஸ்பத்திரியா, ஆராய்ச்சிக்கூடமா?

ஆராய்ச்சிக்கூடம். ஆனால் பெரும்பாலும் ஒரு மருத்துவமனையை ஒட்டியோ அதற்குள்ளேயோ இருக்கும். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனை, ஹூஸ்டனில் பெய்லர் மருத்துவக் கல்லூரி, பால்டிமோரில் கென்னடி க்ரீகர், மேடிசனில் வைஸ்மன் மையம், நாஷ்வில்லில் வாண்டர்பில்ட் கென்னடி மையம், சேக்ரமென்டோவில் மைண்ட் இன்ஸ்டிட்யூட், பிராங்க்ஸில் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியின் ரோஸ் கென்னடி மையம் எல்லாம் இந்த வரிசையில் வருபவை. ஒரே கட்டடத்தில் கீழே கிளினிக், மேலே எலி அறை என்று இருப்பதும் உண்டு. அதனால்தான் குழப்பம். கிளினிக்கில் அப்பாயின்ட்மென்ட் வாங்குவதும் மாடியில் நடக்கும் ஆய்வில் சேர்வதும் வேறு வேறு வேலைகள்.

அப்படியானால் ‘கோர்’ எது?

ஒரு மையத்தில் முப்பது நாற்பது ஆய்வாளர்கள் இருக்கலாம். ஒருவர் மரபணுவைப் பார்ப்பார், ஒருவர் எலியை, இன்னொருவர் இரண்டு வயதுக் குழந்தை எப்படிப் பேசக் கற்கிறது என்பதை. எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. கருவி வேண்டும், மைக்ரோஸ்கோப் வேண்டும், புள்ளியியல் தெரிந்த ஆள் வேண்டும். ஒவ்வொருவரும் தனித்தனியாக வாங்க முடியாது. எனவே கருவியையும் அதை இயக்கத் தெரிந்த ஆட்களையும் ஓரிடத்தில் வைத்து எல்லோருக்கும் பொதுவாக்கிவிடுகிறார்கள். ஊர்ப் பொது ரைஸ்மில் போலத்தான்: நெல் உங்களுடையது, மில் எல்லோருக்கும். அந்தப் பொது வசதிதான் கோர்.

கோர் எந்த ஆய்வையும் தானாகத் தொடங்குவதில்லை. இதைப் புதிதாக வருபவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். கேள்வி ஆய்வாளருடையது. அதற்கு விடை தேடும் வழி சரியா, இத்தனை எலி போதுமா, இந்த டெஸ்ட் இந்த வயதுக்குப் பொருந்துமா என்று சொல்வது கோரின் வேலை. நல்ல கோர் சில சமயம் “இதைச் செய்யாதீர்கள்” என்றும் சொல்லும். அதற்காகவே ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.

எப்போது, யாரால் ஆரம்பித்தது?

ஜான் கென்னடியின் தங்கை ரோஸ்மேரிக்கு அறிவுசார் குறைபாடு இருந்தது. 1941-இல், அவருக்கு 23 வயதானபோது, மூளையில் லோபாட்டமி என்ற அறுவை செய்தார்கள். அதன் பிறகு அவரால் தெளிவாகப் பேசவோ சரியாக நடக்கவோ முடியவில்லை. மிச்ச வாழ்நாளின் பெரும்பகுதியை விஸ்கான்சினில் ஒரு விடுதியில் கழித்தார். குடும்பம் வெகுகாலம் இதை வெளியே சொல்லவில்லை. இன்னொரு தங்கையான யூனிஸ்தான் 1962-இல் ஒரு வார இதழில் வெளிப்படையாக எழுதினார்.

அதே ஆண்டு அக்டோபரில், யூனிஸின் தூண்டுதலில், என்.ஐ.சி.எச்.டி. என்ற தேசியக் குழந்தைநல ஆய்வு நிறுவனம் உருவானது. 1963 அக்டோபர் 31 அன்று கென்னடி கையெழுத்திட்ட ஒரு சட்டம், இந்தக் குறைபாடுகளை ஆராயும் மையங்களுக்குக் கட்டடம் கட்டப் பணம் ஒதுக்கியது. அவர் போட்ட கடைசிப் பெரிய கையெழுத்துகளில் ஒன்று அது. மூன்று வாரம் கழித்துச் சுட்டுக்கொல்லப்பட்டார். அந்தப் பணத்தில் முதலில் 12 மையங்கள் எழுந்தன. கவனியுங்கள், சட்டம் பணம் கொடுத்தது கட்டடத்துக்கு. பல துறைக்காரர்களை ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவந்தால் போதும், மீதி தானாக நடக்கும் என்ற நம்பிக்கை அது. பாதி நடந்தது. மீதியை நடத்தத்தான் கோர் மானியங்கள் தேவைப்பட்டன.

பணம் யார் தருகிறார்கள்? பயன்படுத்தக் கட்டணம் உண்டா?

அடிப்படைப் பணம் என்.ஐ.சி.எச்.டி.யிலிருந்து வருகிறது. முன்பு பி30 என்ற வகை மானியம், பிறகு யூ54, இப்போது பி50. பெயர் மாறும்போதெல்லாம் நிபந்தனைகளும் கொஞ்சம் மாறின. இப்போதைய முறையில் கோர்களோடு சேர்த்து மையத்துக்கென ஓர் ஆய்வுத் திட்டமும் இருக்க வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுபடி போட்டி போட்டுத்தான் வாங்க வேண்டும். பழைய மையம் என்பதற்காக யாரும் தூக்கிக் கொடுப்பதில்லை. சில மையங்கள் இடையில் இழந்திருக்கின்றன.

கட்டணம் உண்டு. ஆனால் உறுப்பினர்களுக்குச் சலுகை விலை. எம்.ஆர்.ஐ. ஒரு மணி நேரத்துக்குப் பல நூறு டாலர் ஆகும். அதில் ஒரு பகுதியை மையம் ஏற்கும், மீதி ஆய்வாளரின் சொந்த கிராண்டிலிருந்து போகும். சும்மா கொடுத்தால் தேவையில்லாமல் புக் செய்துவிட்டு வராமல் இருப்பார்கள். முழு விலை கேட்டால் இளம் ஆய்வாளர்கள் பக்கமே வர மாட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு விலையைக் கண்டுபிடிப்பதுதான் கோர் மேலாளரின் நிரந்தரத் தலைவலி.

குழந்தைகளை வைத்து எம்.ஆர்.ஐ. எடுப்பது எப்படிச் சாத்தியம்?

இந்தக் கேள்விக்கு விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். இந்த மையங்களின் உண்மையான கைத்திறன் தெரிவது இங்கேதான்.

சாதாரண ஆஸ்பத்திரியில் சிறு குழந்தைக்கு ஸ்கேன் எடுக்க மயக்க மருந்து கொடுத்துவிடுவார்கள். ஆய்வுக்காக ஆரோக்கியமான குழந்தைக்கு மயக்க மருந்து கொடுப்பதை அவ்வளவு எளிதில் நியாயப்படுத்த முடியாது. கைக்குழந்தை என்றால் இயல்பான தூக்கத்தில் எடுப்பார்கள். பெற்றோர் இரவில் தூங்கும் நேரத்துக்குக் கூட்டி வருவார்கள், ஸ்கேனர் பக்கத்து அறையில் விளக்கை மங்கலாக்கி, வழக்கமான பால், வழக்கமான போர்வை, வழக்கமான தாலாட்டு. ஆழ்ந்து தூங்கியதும் காதை அடைத்து, மெதுவாகத் தூக்கிக் கொண்டுபோய்ப் படுக்க வைப்பார்கள். கருவி தடதடவென்று சத்தம் போடும். பிள்ளை விழித்துக்கொண்டால் அன்றைக்கு அவ்வளவுதான்; இன்னொரு நாள் வரவேண்டும்.

கொஞ்சம் பெரிய குழந்தைகளுக்குப் போலி ஸ்கேனர் ஒன்று இருக்கும். அதே குழாய், அதே மேசை, ஸ்பீக்கரில் அதே சத்தம். உள்ளே காந்தம் மட்டும் கிடையாது. குழந்தை படுத்துக்கொண்டு கார்ட்டூன் பார்க்கும். தலையை அசைத்தால் படம் நின்றுவிடும், அசையாமல் இருந்தால் மறுபடி ஓடும். யாரும் அதட்ட வேண்டியதில்லை. முதல் நாள் குழாய்க்குள் கால் வைக்கவே அழுத பிள்ளை, பழகிய பிறகு தானாகவே ஏறிப் படுத்துக்கொள்ளும். பேச்சு வராத, சத்தத்துக்கு மிரளும் குழந்தைகளை ஆய்வுகள் காலங்காலமாக விட்டுவிட்டே போயின. அவர்களையும் சேர்க்க முடிகிறதென்றால் அதற்கு இந்தப் பயிற்சி ஒரு முக்கியக் காரணம்.

ஈ.ஈ.ஜி. வலிக்குமா?

வலிக்காது. மூளையின் மின் சிக்னலைத் தலைக்கு வெளியிலிருந்து பதிவு செய்வதுதான் ஈ.ஈ.ஜி. பல இடங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு பஞ்சு முனைகள் கொண்ட ஒரு வலைத்தொப்பியைப் பயன்படுத்துவார்கள். பொட்டாசியம் குளோரைடு கலந்த வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் பேபி ஷாம்பூ ஊற்றி, அதில் தொப்பியை ஊறவைத்து, ஈரத்தோடு தலையில் மாட்டுவார்கள். ஷாம்பூ எதற்கென்றால், தலையில் உள்ள எண்ணெய்ப்பசையைத் தாண்டி நீர் தோலைத் தொட வேண்டும். அதனால் நம் ஊர்ப் பெற்றோருக்கு ஒரு சிறு யோசனை: முதல் நாள் தலைக்குக் குளிப்பாட்டுங்கள், காலையில் தேங்காயெண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னி அனுப்பாதீர்கள். எண்ணெய் இருந்தால் சிக்னல் சரியாக வராது. பிள்ளையும் ஆய்வாளரும் சேர்ந்து அவதிப்படுவார்கள்.

தொப்பியையே சகிக்காத குழந்தைகளுக்கு, வீட்டில் போட்டுப் பழக ஒரு மாதிரித் தொப்பி கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

எலிகளை வைத்து அறிவுசார் குறைபாட்டை எப்படி ஆராய முடியும்?

முழுமையாக முடியாது. ஒரு மரபணுவைக் கெடுத்தால் நரம்பணுவில் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம், ஒரு மருந்து அதை மாற்றுகிறதா என்று பார்க்கலாம். எலியின் நடத்தைக் கோரில் மூன்று அறைப் பெட்டி இருக்கும்: ஒரு பக்கம் இன்னொரு எலி, ஒரு பக்கம் வெறும் பொருள், எந்தப் பக்கம் அது அதிக நேரம் இருக்கிறது என்று கேமரா கணக்கெடுக்கும். சுழலும் தண்டின் மேல் ஓட வைப்பார்கள், தண்ணீர்த் தொட்டியில் மறைந்திருக்கும் மேடையைத் தேட வைப்பார்கள், குட்டிகள் தாயைப் பிரிந்தால் எழுப்பும், நம் காதுக்கு எட்டாத குரலைப் பதிவு செய்வார்கள்.

இதில் கோர் ஏன் தேவை என்று கேட்டால், எலி மனிதர்களைக் கவனிக்கிறது. வாலைப் பிடித்துத் தூக்கினால் பயம் கூடும், சிறு குழாய்க்குள் நுழையவிட்டுத் தூக்கினால் குறையும். சோதனை செய்பவர் ஆணா பெண்ணா என்பதுகூட எலியின் வலி உணர்வை மாற்றுகிறது என்று 2014-இல் மெக்கில் பல்கலைக்கழகத்தார் காட்டினார்கள். ஆணின் வாசனைதான் காரணம். மாதத்துக்கு ஒருமுறை வந்து போகிற மாணவர் செய்வதைவிட, தினமும் அதே அறையில் அதே கையால் செய்கிற கோர் ஊழியர் செய்தால் முடிவு நம்பும்படி இருக்கும்.

டவுன் சிண்ட்ரோமுக்கு மெய்ன் மாநிலத்து ஜாக்சன் ஆய்வகம் பராமரிக்கும் டி.எஸ்.65.டி.என். என்ற எலி வகை பல ஆண்டுகளாகப் பயன்படுகிறது. அதில் மனிதரின் 21-ஆம் குரோமோசோமுக்கு ஒத்த மரபணுக்கள் கூடுதலாக இருக்கின்றன. ஆனால் சம்பந்தமே இல்லாத சில மரபணுக்களும் கூடவே கூடுதலாக இருக்கின்றன. இந்த எலியில் வேலை செய்த மருந்து குழந்தையில் வேலை செய்யும் என்று எழுதும் செய்தித்தாளை அமைதியாக மடித்து வைத்துவிடலாம்.

எலிக்குப் பதில் மனிதச் செல்களையே பயன்படுத்த முடியாதா?

முடிகிறது. 2007 முதல் மனிதரின் தோல் செல்லையோ ரத்தச் செல்லையோ பின்னோக்கித் திருப்பி, எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய ஐ.பி.எஸ். செல்லாக்கி, அதிலிருந்து நரம்பணு வளர்க்கிறார்கள். மேடிசன் வைஸ்மன் மையத்தினர் 2013-இல் டவுன் சிண்ட்ரோம் உள்ளவரின் செல்களிலிருந்து ஓர் ஒப்பீட்டை உருவாக்கினார்கள். ஒரே மனிதரின் செல்கள்தான், ஒரு வரிசையில் 21-ஆம் குரோமோசோம் மூன்று, இன்னொன்றில் இரண்டு. மற்ற மரபணுக்கள் எல்லாம் ஒன்றே என்பதால் வித்தியாசத்துக்குக் காரணம் அந்த ஒரு குரோமோசோம்தான் என்று சொல்ல முடிந்தது. மூன்று உள்ள நரம்பணுக்களிடையே இணைப்புச் செயல்பாடு குறைந்திருந்தது.

இந்தச் செல்களை வளர்ப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. சனி, ஞாயிறு என்றாலும் ஊட்டம் மாற்ற வேண்டும். வளர்க்க வளர்க்கக் குரோமோசோம்கள் கெட்டுப்போகும், அடிக்கடி சோதிக்க வேண்டும். தனி ஆய்வகத்தில் ஒரு மாணவர் படிப்பு முடித்துப் போனதும் அந்தச் செல் வரிசையின் கதை முடிந்தது. கோரில் இருந்தால் உறைநிலையில், பெயரோடும் வரலாற்றோடும் இருக்கும்.

இத்தனை கருவி இருந்தும் மருந்துகள் ஏன் தோற்கின்றன?

ஃப்ரஜைல் எக்ஸ் நல்ல உதாரணம். எஃப்.எம்.ஆர்.1 என்ற மரபணு 1991-இல் கண்டுபிடிக்கப்பட்டது. எலியின் நரம்பணுவில் செய்தியைப் பெறும் ஒரு குறிப்பிட்ட ஏற்பியை அடக்கினால் குறைகள் சரியாகின்றன என்று பல ஆய்வகங்கள் காட்டின. நம்பிக்கையோடு மனிதர்களிடம் சோதித்தார்கள். நோவார்ட்டிஸின் மேவோக்ளூரன்ட் பலன் தரவில்லை, 2014-இல் கைவிட்டார்கள்.

மருந்தே பலனற்றதா, பலனை அளந்த விதம் தவறா என்ற கேள்வி அப்போது எழுந்தது. வழக்கமான அறிவுத்திறன் டெஸ்ட்கள் சராசரிக் குழந்தைகளுக்காகச் செய்யப்பட்டவை. ஒரு குறிப்பிட்ட மட்டத்துக்குக் கீழே எல்லோருக்கும் ஒரே குறைந்தபட்ச மதிப்பெண்தான் வரும். நேற்று இரண்டு வார்த்தை பேசிய பிள்ளை இன்று இருபது பேசினாலும் அந்த டெஸ்டில் அதே எண்தான். தாய்க்குத் தெரிகிற மாற்றம் தாளில் தெரியாது.

இதைச் சரிசெய்ய மைண்ட் இன்ஸ்டிட்யூட்டில் டேவிட் ஹெஸ்ஸல் குழுவினர் டேப்லெட்டில் செய்யும் ஓர் அறிவுத்திறன் டெஸ்ட் தொகுப்பை எடுத்து, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு எந்த வயது மட்டம் வரை நம்பிக்கையாகப் பயன்படும் என்று பொறுமையாகச் சோதித்தார்கள். பத்திரிகையில் வராத வேலை. கோடிக்கணக்கில் விலை உள்ள மைக்ரோஸ்கோப்பைவிட இதுபோன்ற ஒரு நல்ல அளவுகோல் இந்தத் துறைக்கு அதிகம் தேவை என்பது என் கருத்து. கோர்களில் மிகக் குறைவாக மதிக்கப்படுவதும் நடத்தை அளவீட்டுக் கோர்தான்.

இந்த மையங்களிலிருந்து வந்த பெரிய கண்டுபிடிப்புகள் என்ன?

ஐன்ஸ்டைனில் டாமினிக் புர்புரா 1974-இல், அறிவுசார் குறைபாடு இருந்த குழந்தைகளின் நரம்பணுக்களில், கிளைகளின் மேல் இருக்கும் நுண்முட்கள் உருமாறி இருப்பதைக் காட்டினார். வெளியே எந்தக் கோளாறும் தெரியாத மூளையில் கோளாறு எங்கே இருக்கிறது என்பதற்கு அது முதல் நல்ல துப்புகளில் ஒன்று.

பெய்லரில் ஹுதா ஸோக்பி 1983-இல் ரெட் சிண்ட்ரோம் உள்ள ஒரு சிறுமியை முதன்முதலாகப் பார்த்தார். அதற்குக் காரணமான எம்.ஈ.சி.பி.2 மரபணுவை அவர் குழு கண்டுபிடித்தது 1999-இல். ரெட் சிண்ட்ரோமுக்கு என்றே ஒரு மருந்து, ட்ரோஃபினடைடு, அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது 2023 மார்ச்சில். நோயைத் தீர்ப்பதில்லை, சில அறிகுறிகளைக் குறைக்கிறது. முதல் நோயாளியிலிருந்து முதல் மருந்துக்கு 40 ஆண்டு. ஐந்தாண்டு மானியங்களால் இந்த நீளத்தை எப்படிக் கடப்பது என்பது தனிக் கேள்வி.

குழந்தைகள் மூளை ஆய்வில் வட கரோலினா தலைமையில் சியாட்டில், செயின்ட் லூயிஸ், ஃபிலடெல்ஃபியா சேர்ந்து செய்த பணி பேசப்படுவது. ஏற்கெனவே ஆட்டிசம் உள்ள அண்ணனோ அக்காவோ உடைய 106 கைக்குழந்தைகளை 6, 12, 24 மாதத்தில் தூக்கத்தில் ஸ்கேன் செய்தார்கள். முதல் ஆண்டில் மூளையின் மேற்பரப்பு வளர்ந்த வேகத்தை வைத்து, இரண்டு வயதில் ஆட்டிசம் என்று கண்டறியப்படப்போகிற குழந்தைகளில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் முன்கூட்டியே சொல்ல முடிந்தது. 2017-இல் வெளியானது. நான்கு ஊர் ஸ்கேனர்களும் ஒரே மாதிரி அளக்கின்றனவா என்று திரும்பத் திரும்பச் சரிபார்த்திருக்காவிட்டால் இந்த ஆய்வே இல்லை.

புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். கோருக்கு எப்போது போக வேண்டும்?

சோதனை தொடங்குமுன். டேட்டா எல்லாம் சேர்த்துவிட்டுப் புள்ளியியல் கோரின் கதவைத் தட்டுபவர்களுக்கு, அங்கே இருப்பவர்கள் புன்னகையோடு ஒரு நாற்காலி போடுவார்கள், அவ்வளவுதான் செய்ய முடியும். விலங்குச் சோதனைக்கான அனிமல் புரோட்டோகால், மனிதர் மீதான ஆய்வுகளைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுவான ஐ.ஆர்.பி.யின் அனுமதி எதிலும் எத்தனை பேர், ஏன் என்று எழுத வேண்டும். அதற்கே அவர்கள் உதவி தேவைப்படும். முன்பதிவு ஆன்லைனில். பயிற்சி முடித்தால்தான் கருவியைத் தனியாகத் தொட விடுவார்கள்.

பேப்பர் வெளிவரும்போது மையத்தின் கிராண்ட் எண்ணை நன்றிக் குறிப்பில் போட மறக்காதீர்கள். அடுத்த முறை மானியம் கேட்கும்போது எத்தனை பேப்பருக்கு உதவினோம் என்று அந்த எண்ணை வைத்துத்தான் கணக்குக் காட்டுவார்கள்.

கட்டணம் கட்டிவிட்டோமே, கோர் ஊழியர் பெயரை ஆசிரியர் பட்டியலில் போட வேண்டுமா?

காசு கொடுத்ததும் ஆசிரியர் உரிமையும் வேறு வேறு. வெறுமனே ஸ்லைடு ஓட்டித் தந்தார் என்றால் நன்றி போதும். சோதனையை வடிவமைத்தார், முடிவுக்குப் பொருள் சொன்னார் என்றால் பெயர் போடுங்கள். கேட்கத் தயங்குவார்கள், நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

குழந்தையை ஆய்வில் சேர்த்தால் சிகிச்சை கிடைக்குமா?

பெரும்பாலான ஆய்வுகளில் கிடைக்காது. மருந்துச் சோதனை என்றாலும் பாதிப் பேருக்குப் போலி மருந்து வரலாம். தெரபி, பள்ளி உதவி, குடும்பத்துக்கு வழிகாட்டல் வேண்டுமென்றால் யூ.சி.ஈ.டி.டி. என்ற இன்னொரு வலையமைப்பு இருக்கிறது, ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒன்று. சில ஊர்களில் இரண்டும் ஒரே கட்டடத்தில் இருக்கும். போன் செய்யும்போது எது வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள்.

ஆய்வில் செய்யும் விரிவான மதிப்பீடு சில குடும்பங்களுக்குப் பயன்படும், குறிப்பாகக் கிளினிக்கில் மாதக்கணக்கில் காத்திருப்பவர்களுக்கு. எழுத்தில் அறிக்கை தருவார்களா என்று கையெழுத்துப் போடுமுன்பே கேட்டுவிடுங்கள்.

ஜீன் டெஸ்ட் ரிசல்ட் கேட்டால் ஏன் தர மறுக்கிறார்கள்?

அமெரிக்கச் சட்டப்படி, நோயாளிக்குச் சொல்லும் முடிவுகள் மருத்துவப் பரிசோதனைக்கூடங்களுக்கான சி.எல்.ஐ.ஏ. தரச் சான்று பெற்ற லேபிலிருந்து வர வேண்டும். ஆய்வு லேப்கள் பலவற்றுக்கு அந்தச் சான்று கிடையாது. முக்கியமான ஏதாவது தென்பட்டால், சான்று பெற்ற லேபில் மறுபடி சோதித்த பிறகு சொல்வார்கள். எம்.ஆர்.ஐ.யும் அப்படியே. ஆய்வுப் படம் நோய் கண்டறியும் படம் இல்லை.

பிள்ளையைச் சோதனைப் பொருளாக்கிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது, வரலாறும் இருக்கிறது. நியூயார்க் ஸ்டேட்டன் தீவில் வில்லோபுரூக் விடுதியில் 1950-களின் நடுவிலிருந்து பல ஆண்டுகள் அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு வேண்டுமென்றே ஹெபடைட்டிஸ் தொற்றை ஏற்படுத்தி ஆராய்ந்தார்கள். மாசசூசெட்ஸில் ஃபெர்னால்டு பள்ளியில் 1940-களிலும் 50-களிலும் சிறுவர்களை ‘அறிவியல் கிளப்’ என்று சேர்த்து, கதிரியக்கம் கலந்த ஓட்ஸ் கஞ்சியும் பாலும் கொடுத்தார்கள். எம்.ஐ.டி.யும் குவேக்கர் ஓட்ஸும் 1998-இல் அவர்களுக்கு 18.5 லட்சம் டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டன. பின்னாளில் ஷ்ரைவர் பெயரில் ஆய்வு மையம் இயங்கியது அதே ஃபெர்னால்டு வளாகத்தில்தான்.

இன்றைய விதிகள் அந்தக் காயங்களிலிருந்து வந்தவை. குழந்தை ஆய்வுக்குத் தனிப் பாதுகாப்பு விதிகள் உண்டு. பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது. புரிந்துகொள்ளக்கூடிய பிள்ளையின் சம்மதமும் வேண்டும். பேசாத பிள்ளை முகத்தைத் திருப்பினால், கையைத் தட்டிவிட்டால் அதுவும் மறுப்புதான். நல்ல ஊழியர் அங்கேயே நிறுத்துவார். நிறுத்தாமல் “இன்னும் ரெண்டே நிமிஷம்” என்று இழுத்தால் நீங்கள் எழுந்து வந்துவிடலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, கிளினிக் சிகிச்சை எதுவும் பாதிக்காது.

பெயரும் விவரமும் வெளியே போகுமா?

ஆய்வாளர்கள் டேட்டாவைப் பகிர்ந்துகொள்ளும் அமெரிக்கத் தேசியத் தகவல் தளத்துக்கு டேட்டா போகும், பெயர் போகாது. பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் போன்றவற்றை ஒரு மென்பொருள் எழுத்தும் எண்ணுமான ஓர் அடையாளக் குறியாக மாற்றும். அந்தக் குறி மட்டும் அனுப்பப்படும். ஒரே குழந்தை பாஸ்டனிலும் சியாட்டிலிலும் வேறு வேறு ஆய்வில் கலந்துகொண்டால், இரண்டும் ஒரே ஆள் என்று அதை வைத்துத்தான் தெரியும்.

நம்மவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. ஓரிடத்தில் அப்பா பெயரைக் கடைசிப் பெயராகவும், இன்னோரிடத்தில் இனிஷியலாகவும், வேறோரிடத்தில் முன்னும் பின்னும் மாற்றியும் கொடுத்தால் ஒரு பிள்ளை மூன்று பிள்ளையாகிவிடும். எப்போதும் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே கொடுங்கள்.

மரபணுத் தகவலை வைத்து ஹெல்த் இன்ஷூரன்ஸிலும் வேலையிலும் பாகுபாடு காட்டக்கூடாது என்று 2008-இல் வந்த ஜினா சட்டம் சொல்கிறது. ஆயுள் காப்பீட்டுக்கு அது பொருந்தாது. அனுமதிப் படிவத்தில் இந்த வரி இருக்கும், தேடிப் படியுங்கள்.

வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். சேர்த்துக்கொள்வார்களா?

மொழி அளவீடு உள்ள ஆய்வுகளில் சிரமம். டெஸ்ட்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், கூடிப்போனால் ஸ்பானிஷில். டி.என்.ஏ., ஸ்கேன், கண் அசைவு போன்ற ஆய்வுகளில் மொழி பெரிய தடையாக இருக்க வேண்டியதில்லை. எதுவானாலும் பிள்ளைக்கு எந்த மொழியில் எத்தனை சொல் தெரியும் என்பதை முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். தமிழில் “தண்ணி”, “வா”, “வேணாம்” என்று சொல்கிற பிள்ளையைப் பேசாத பிள்ளை என்று பதிவு செய்துவிடக் கூடாது.

கோர் ஊழியர் வேலை நிலையானதா?

இல்லை. கருவி பத்தாண்டு இருக்கும், இயக்குபவரின் சம்பளம் கிராண்ட் முடியும் நாள்வரை. போலி ஸ்கேனரில் குழந்தையைச் சிரிக்க வைக்கிறவர், செல்லைப் பார்த்த மாத்திரத்தில் இது சரியில்லை என்று சொல்கிறவர் போய்விட்டால் அவரோடு போவது எந்தக் கையேட்டிலும் இல்லை. என்.ஐ.சி.எச்.டி.யின் தாய் அமைப்பான என்.ஐ.எச்., கட்டடம், நிர்வாகம் போன்றவற்றுக்காகப் பல்கலைக்கழகங்களுக்குத் தரும் மறைமுகச் செலவுத் தொகையும் இந்தப் பொது வசதிகளைத் தாங்குகிறது. அதை ஒரேயடியாக 15 சதவீதமாகக் குறைப்பதாக 2025 பிப்ரவரியில் அறிவித்தார்கள், நீதிமன்றம் தடுத்தது. அறிவிப்பு வந்த சில வாரங்களிலேயே பல இடங்களில் புது ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து இந்த வசதிகளைப் பயன்படுத்த முடியுமா?

கருவிகளை முடியாது, அங்கே உள்ள ஒருவரோடு கூட்டாகச் செய்தால் தவிர. ஆனால் சேர்த்துவைத்த டேட்டாவை முடியும். மனிதர் மீதான ஆய்வில் பாதுகாப்பு விதிகளைப் பின்பற்றுவோம் என்று அமெரிக்க அரசுக்கு உறுதி தரும் எஃப்.டபிள்யூ.ஏ. என்ற பதிவு உங்கள் நிறுவனத்துக்கு இருந்து, நிறுவனத்தின் அதிகாரி ஒருவர் கையெழுத்திட்டால் தேசியத் தகவல் தளத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஜாக்சன் ஆய்வக எலிகளை வாங்கலாம், இறக்குமதி அனுமதிக்கு நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். மூளைத் திசு வேண்டுமென்றால் கடல் கடக்கும் முன் பெங்களூரு நிம்ஹான்ஸில் கேளுங்கள், அங்கே 1995 முதல் மூளை வங்கி இருக்கிறது. சென்னை அருகே முட்டுக்காட்டில் உள்ள, பல்வகைக் குறைபாடு உடையவர்களுக்கான தேசிய நிறுவனம் சேவைக்கும் பயிற்சிக்குமானது. மேலே சொன்ன மாதிரிப் பொது ஆய்வுக் கருவிகளை எதிர்பார்த்து அங்கே போக வேண்டாம், ஆனால் குழந்தைகளோடு தினமும் வேலை செய்பவர்களிடம் கற்க விரும்பினால் போகலாம்.